"இது கிறிஸ்தவ நாடு" என்று சொல்லும்போது நாம் இங்கே யார்? பவுன் தெருவிலிருந்து ஒரு கேள்வி

#1 பவுன்தெரு (12 அக்டோபர் 2025)

நியூயார்க்கில் ஃப்ளஷிங் பகுதியில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் பவுன் தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போவது வழக்கம். 1977-ல் கும்பாபிஷேகம் ஆன கோயில். கீழ்த்தளக் கேண்டீன் தோசையை இங்கே பலரும் சாப்பிட்டிருப்பீர்கள். அதே தெருவில் வடக்கே நடந்தால் ஒரு பழைய மரவீடு வரும். அதைத் தாண்டி எத்தனையோ முறை போயிருக்கிறேன், யார் வீடு என்று கேட்டதே இல்லை. போன மாதம்தான் உள்ளே போய்ப் பார்த்தேன். தெருவுக்குப் பெயர் தந்த ஜான் பவுனின் வீடு. 1661 வாக்கில் கட்டியது.

அப்போது இது டச்சுக் குடியேற்றம். ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட், டச்சு சீர்திருத்தச் சபை தவிர வேறு யாரும் கூடி வழிபடக் கூடாது என்று வைத்திருந்தார். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் அபராதம். 1657 டிசம்பர் 27 அன்று ஃப்ளஷிங் ஊர்க்காரர்கள் முப்பது பேர் சேர்ந்து அவருக்கு ஒரு மனு எழுதினார்கள். எங்களால் இந்த ஆணைக்குக் கீழ்ப்படிய முடியாது, யூதருக்கும் துருக்கியருக்கும் எகிப்தியருக்கும்கூட அன்பும் சமாதானமும் சுதந்திரமும் உண்டு என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்கூடக் குவேக்கர் இல்லை. அடுத்தவர் வழிபாட்டுக்காகத் தங்கள் கழுத்தை நீட்டியிருக்கிறார்கள். மனுவை எழுதிய ஊர் எழுத்தர் எட்வர்ட் ஹார்ட்டைச் சிறையில் போட்டார்கள்.

1662-ல் ஜான் பவுன் தன் வீட்டிலேயே குவேக்கர்களைக் கூடவிட்டார். கைது. அபராதம் கட்ட மாட்டேன் என்றார். கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். அவர் ஆம்ஸ்டர்டாம் போய் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களிடமே வாதாடினார். 1663-ல் கம்பெனி ஸ்டைவசன்டுக்கு எழுதியது: மனச்சாட்சியைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

மனு எழுதி 320 வருடம் கழித்து அதே தெருவில் நம் பிள்ளையார் வந்து உட்கார்ந்தார்.

இதை இப்போது எழுதக் காரணம் டெக்சாஸ் செய்தி. ஹூஸ்டன் பக்கம் சுகர்லேண்டில் அஷ்டலட்சுமி கோயிலில் போன வருடம் ஆகஸ்டில் 90 அடி அனுமார் சிலை வைத்தார்கள். போன மாதம், செனட் வேட்பாளராக இருந்த அலெக்சாண்டர் டங்கன் என்ற குடியரசுக் கட்சிக்காரர், பொய்க் கடவுளின் பொய்ச் சிலையை ஏன் அனுமதிக்கிறோம், நாம் கிறிஸ்தவ நாடு என்று எழுதினார். "அனுமதிக்கிறோம்" என்ற அந்த ஒரு சொல் என்னைத் தூங்க விடவில்லை. நாம் இங்கே கும்பிடுவது யாராவது கொடுத்த அனுமதியா?

#2 கரிசல்மண்

அக்கா, நல்ல வரலாறு. ஆனால் ஒரு வேட்பாளர் போட்ட பதிவுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். சிலை இன்றும் நிற்கிறது. பலர் அவரைக் கண்டித்தார்கள்.

நான் டாலஸில் பதினாறு வருடம். இந்த நாட்டில் பெரும்பான்மை கிறிஸ்தவர்கள். அவர்கள் கலாசாரம்தான் பொது இடத்தில் தெரியும். 2022-ல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது 60 சதவீதம் பேர், நாட்டை நிறுவியவர்கள் இதைக் கிறிஸ்தவ நாடாகத்தான் எண்ணினார்கள் என்றார்கள். அது அவர்கள் நம்பிக்கை. நம்மைக் கோயில் கட்ட விடுகிறார்களா? விடுகிறார்கள். வேலை, படிப்பு, வழிபாடு எல்லாம் கிடைக்கிறது. ஊரோடு ஒத்து வாழ்வதில் என்ன குறை?

#3 வழக்குரைஞன்

கரிசல்மண், அதே ஆய்வில் நாடு இப்போது கிறிஸ்தவ நாடாக இருக்க வேண்டும் என்றவர்கள் 45 சதவீதம். நிறுவியவர்கள் என்ன எண்ணினார்கள் என்பதைப் பெரும்பான்மை நம்பிக்கை தீர்மானிக்காது. அவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

1787 அரசியலமைப்பின் வாசகத்தில் கடவுள் பெயர் இல்லை. கையெழுத்துப் பக்கத்துத் தேதியில் "நம் ஆண்டவரின் வருடம்" என்ற அந்தக் கால வழக்கு மட்டும் உண்டு. மாறாக 6-ம் பிரிவு, எந்த அரசுப் பதவிக்கும் மதச் சோதனை வைக்கக் கூடாது என்கிறது. இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2023 டிசம்பரில் அயோவாவில் ஒரு வாக்காளர், அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட விவேக் ராமசாமியிடம் அவருடைய இந்து மதத்தைக் குறித்துக் கேள்வி கேட்டார். வாக்காளர் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். சட்டம் கேட்க முடியாது. அந்த வேறுபாட்டை உண்டாக்கியது 6-ம் பிரிவு.

அடுத்து வர்ஜீனியா. 1784-ல் அங்கே அரசியல் தலைவராக இருந்த பேட்ரிக் ஹென்றி, கிறிஸ்தவப் போதகர்களுக்குச் சம்பளம் கொடுக்க வரி போடலாம் என்றார். ஒரே சபைக்கு என்றுகூட இல்லை, அவரவர் விரும்பும் சபைக்கு. அதையே, பின்னாளில் அதிபரான ஜேம்ஸ் மேடிசன் எதிர்த்து 1785-ல் நீண்ட விண்ணப்பம் எழுதினார். கிறிஸ்தவத்தைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அரசுக்கு இருந்தால், நாளை ஒரு கிறிஸ்தவப் பிரிவை மட்டும் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் அதற்கு இருக்கும் என்பது அவர் வாதம். மசோதா செத்தது. பின்னாளில் அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய மதச் சுதந்திரச் சட்டம் 1786-ல் நிறைவேறியது. அதில் "இயேசு கிறிஸ்து" என்ற பெயரைச் சேர்க்கச் சிலர் முயன்று தோற்றார்கள். அதைப் பற்றி ஜெஃபர்சன் பிற்பாடு தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதுகிறார்: யூதர், கிறிஸ்தவர், முகமதியர், இந்து, எந்த நம்பிக்கையும் இல்லாதவர் எல்லாரும் இந்தப் பாதுகாப்புக்குள் வர வேண்டும் என்றுதான் அந்தத் திருத்தத்தைத் தள்ளினார்கள் என்று.

"இந்து" என்ற சொல் அங்கே இருக்கிறது. அன்று வர்ஜீனியாவில் ஓர் இந்துக் கோயில்கூட இல்லை. யாரும் கேட்காமலே இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

#4 நெல்லைஜெபம்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் மாற்றுக் கருத்துள்ளவன், ஆனால் யாரையும் நோகடிக்க வரவில்லை.

பாளையங்கோட்டைப் பக்கம் சின்ன ஊர். சபை கட்ட அனுமதி வாங்க என் அப்பா எட்டு வருடம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். இங்கே வந்த முதல் வருடம் ஒரு பொது நிகழ்ச்சியில் ஜெபத்தோடு ஆரம்பித்தார்கள். அன்று என் கண்ணில் நீர் வந்தது. ஒளிந்து நம்ப வேண்டிய அவசியம் இல்லாத ஒரு நாடு.

லூயிசியானா 2024-ல் பள்ளி வகுப்பறைகளில் பத்துக் கட்டளைகளை மாட்டச் சட்டம் போட்டது. டெக்சாஸ் இந்த வருடம். "கொலை செய்யாதிருப்பாயாக, களவு செய்யாதிருப்பாயாக." இதில் எந்தக் குழந்தைக்குத் தீங்கு? 1962-ல் ஜெபத்தைப் பள்ளியிலிருந்து எடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பயபக்தி இல்லாமல் போனதுதான் மிச்சம் என்பது என் எண்ணம்.

#5 இரண்டாம்வகுப்புஅம்மா

நான் இந்தக் குழுவில் எழுதுவதே அபூர்வம். நெல்லைஜெபம் அண்ணா எழுதியதைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

டெக்சாஸில் ஒரு பள்ளி மாவட்டம். ஊர் பெயர் வேண்டாம். என் மகள் வகுப்பில் செப்டம்பரில் அந்தப் பலகையை மாட்டினார்கள். 16-க்கு 20 அங்குலம், எங்கிருந்து பார்த்தாலும் படிக்கிற அளவு எழுத்து இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறதாம். அவள் இப்போதுதான் எழுத்துக் கூட்டாமல் படிக்கப் பழகியிருக்கிறாள். கண்ணில் படுவதை எல்லாம் படிக்கிற பருவம்.

நான்காம் வாரம் வீட்டுக்கு வந்தவள் பூஜை அலமாரி முன்னால் நின்றுகொண்டு, "அம்மா, உருவம் செய்யக் கூடாதுன்னு ஸ்கூல்ல எழுதியிருக்கு. நம்ம பிள்ளையார டீச்சருக்குத் தெரியாம வச்சிருக்கணுமா?" என்று கேட்டாள்.

கொலை, களவு எல்லாம் பலகையின் கீழ்ப்பாதியில் இருக்கிறது அண்ணா. மேல்பாதியில் இருப்பது வேறு தெய்வம் கூடாது, விக்கிரகம் கூடாது. பைபிளில் அது இருப்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. உங்கள் சபையில், உங்கள் வீட்டில் அதைச் சொல்லிக் கொடுங்கள், அது உங்கள் உரிமை. என் பிள்ளை சட்டப்படி கட்டாயமாகப் போக வேண்டிய இடத்தில், ஆசிரியரின் குரலில், அரசின் சுவரில் அது இருக்கும்போது ஏழு வயதுப் பிள்ளை அதை விதியாகத்தான் படிக்கிறது.

#6 நெல்லைஜெபம்

தங்கச்சி, அந்தப் பிள்ளை கேட்டதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. என் மகளுக்கும் அதே வயதுதான்.

#7 போதகர்மகன்

நாகர்கோவில். அப்பா போதகர். நான் ஹூஸ்டனில் பாப்டிஸ்ட் சபையில் இருபது வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். அதனால் நெல்லைஜெபம் சகோதரரிடம் வீட்டு மனுஷனாகப் பேசுகிறேன், கொஞ்சம் நீளமாக.

இந்த நாட்டில் சபையையும் அரசையும் பிரிக்கச் சொன்னவர்கள் நாத்திகர்கள் என்று நம் சபைகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. உண்மை அதற்கு நேர் எதிர். சவுக்கடி வாங்கிய விசுவாசிகள்தான் அதைக் கேட்டு வாங்கினார்கள்.

மாசசூசெட்ஸை ஆண்டவர்கள் பக்திமான்கள். கிறிஸ்தவ ஆட்சிதான் அமைத்தார்கள். அந்த ஆட்சி 1635-ல் ரோஜர் வில்லியம்ஸை நாடு கடத்தத் தீர்ப்பளித்தது. மனச்சாட்சியின் மேல் நீதிபதிக்கு அதிகாரம் இல்லை என்றது அவருடைய குற்றங்களில் ஒன்று. நடுப் பனிக்காலத்தில் காட்டுவழியே போய், நாரகன்செட் பூர்வகுடிகளிடம் இடம் பெற்று, 1636-ல் பிராவிடன்ஸ் ஊரை அமைத்தார். அமெரிக்காவின் முதல் பாப்டிஸ்ட் சபை 1638-ல் அங்கேதான் உண்டானது. சபை என்னும் தோட்டத்துக்கும் உலகம் என்னும் காட்டுக்கும் நடுவே ஒரு சுவர் வேண்டும் என்று 1644-ல் எழுதியவர் அவர். கவனியுங்கள், சுவர் தோட்டத்தைக் காக்க. காடு உள்ளே வந்தால் தோட்டம் அழியும்.

1651-ல் பாஸ்டனில் ஒபதியா ஹோம்ஸ் என்ற பாப்டிஸ்டை முப்பது கசையடி அடித்தார்கள். அடித்து முடிந்ததும் அவர் நீதிபதிகளிடம், ரோஜாப் பூவால் அடித்தது போல இருந்தது என்றார். 1660-ல் அதே ஊரில் மேரி டயர் என்ற குவேக்கர் பெண்ணைத் தூக்கில் போட்டார்கள். அடித்தவரும் கிறிஸ்தவர், அடிபட்டவரும் கிறிஸ்தவர். இரு தரப்பு கையிலும் இருந்தது ஒரே வேதாகமம்.

வர்ஜீனியாவில் ஆங்கிலிக்கன் சபைதான் அரசுச் சபை. 1768 முதல் உரிமம் இல்லாமல் பிரசங்கித்தார்கள் என்று பாப்டிஸ்ட் ஊழியர்களைச் சிறையில் போட்டார்கள். அவர்கள் கம்பி வழியாகப் பிரசங்கம் செய்தார்கள், ஜனங்கள் வெளியே நின்று கேட்டார்கள். 1774-ல் மேடிசன், பக்கத்து மாவட்டத்தில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் இதற்காகச் சிறையில் கிடக்கிறார்களே என்று நண்பருக்குப் பொருமி எழுதினார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. வழக்குரைஞன் சொன்ன 1785 விண்ணப்பத்துக்கு விதை அந்தச் சிறைதான் என்று நான் நினைக்கிறேன்.

பவுன்தெரு அக்கா கேட்ட "அனுமதி" கேள்விக்கு வருகிறேன். 1801-ல் கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்ட் சபைகள் அப்போது அதிபராக இருந்த ஜெஃபர்சனுக்கு ஒரு கடிதம் எழுதின. அங்கே அப்போது காங்கிரகேஷனல் சபை அரசுச் சபை. பாப்டிஸ்டுகள் வழிபடலாம், தடை இல்லை. ஆனாலும் அவர்கள் எழுதினார்கள்: எங்களுக்கு இருப்பது கொடுக்கப்பட்ட சலுகை, பறிக்க முடியாத உரிமை இல்லை. அதற்கு 1802 ஜனவரி 1 அன்று ஜெஃபர்சன் எழுதிய பதிலில்தான் "பிரிக்கும் சுவர்" என்ற சொல் வருகிறது.

கரிசல்மண் அண்ணா, "கோயில் கட்ட விடுகிறார்களா, விடுகிறார்கள்" என்றீர்கள். டான்பரி பாப்டிஸ்டுகளையும் விட்டார்கள். அது போதாது என்றுதான் அவர்கள் எழுதினார்கள்.

#8 கரிசல்மண்

தம்பி, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. அந்தச் "சுவர்" கடிதம் எழுதிய இரண்டாம் நாள் ஜெஃபர்சன் நாடாளுமன்ற அவையில் நடந்த ஞாயிறு வழிபாட்டுக்குப் போனார். அரசுக் கட்டடத்தில் பிரசங்கம். பிரித்தவரே பிரிக்கவில்லையே?

#9 போதகர்மகன்

போனார், உண்மைதான். அன்று அங்கே பிரசங்கித்தவர் யார் தெரியுமா? ஜான் லேலண்ட், பாப்டிஸ்ட். வர்ஜீனியாவில் ஊழியம் செய்து, மேடிசனோடு சேர்ந்து நின்று, பிறகு மாசசூசெட்ஸுக்குத் திரும்பியவர். செஷயர் ஊர் விவசாயிகள் செய்த 1,235 பவுண்டு பாலாடைக்கட்டியைப் பனிக்காலத்தில் அவ்வளவு தூரம் கொண்டுவந்து ஜனவரி 1 அன்று ஜெஃபர்சனுக்குப் பரிசாகக் கொடுத்தார். மனிதனுடைய மதக் கருத்தில் அரசுக்கு இருக்கும் வேலை, கணிதச் சூத்திரத்தில் அதற்கு இருக்கும் வேலையைவிட அதிகம் இல்லை என்று 1791-ல் எழுதியவரும் அவரே.

அந்த அவையில் இஷ்டப்பட்டவர் போனார், இல்லாதவர் போகவில்லை. ஆனாலும் அந்த வழிபாடுகள் சுவரில் ஓர் ஓட்டைதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு எழுந்து வெளியே போகும் இஷ்டம் கிடையாது.

#10 பனிமயம்

தூத்துக்குடிக் கத்தோலிக்கப் பெண். இப்போது பிலடெல்பியா. யாரும் சொல்லாத ஒன்று: பத்துக் கட்டளைகளுக்கு ஒரே எண் வரிசை இல்லை. எங்கள் ஞானோபதேச வகுப்பில் படித்த வரிசை வேறு, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) தோழி படித்தது வேறு, யூதர்களுடையது வேறு. விக்கிரகக் கட்டளை எங்களுக்குத் தனி எண்ணில் வராது, முதல் கட்டளையிலேயே அடங்கிவிடும். அரசு ஒரு பலகையை எழுதும்போது யாராவது ஒருவருடைய பைபிளைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. லூயிசியானாவும் டெக்சாஸும் எடுத்த வாசகம், புராட்டஸ்டண்டுகளின் பழைய ஆங்கில பைபிளான கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பின் சாயலில் உள்ளது.

இந்த ஊரில் இது ரத்தம் பார்த்த விஷயம். 1840-களில் பொதுப்பள்ளிகளில் தினமும் கிங் ஜேம்ஸ் பைபிள் வாசிப்பார்கள். எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் பொதுவானது என்று சொன்னார்கள். ஐரிஷ் கத்தோலிக்கர்கள், எங்கள் பிள்ளைகள் எங்கள் பைபிளை வாசிக்கட்டும் என்று கேட்டார்கள். 1844 மே மாதம் கலவரம். புனித மைக்கேல், புனித அகுஸ்தின் என்று இரண்டு தேவாலயங்களை எரித்தார்கள். அகுஸ்தின் ஆலயத்தை மறுபடி கட்டினார்கள், நான் அங்கே திருப்பலிக்குப் போயிருக்கிறேன். பள்ளியில் எந்த பைபிள் என்பதற்காக மனிதர்கள் செத்த ஊர் இது. அதனால் "கிறிஸ்தவ நாடு" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வரும் கேள்வி, எந்தக் கிறிஸ்தவம் என்பதுதான்.

#11 வழக்குரைஞன்

1962 தீர்ப்பைப் பற்றி ஒரு திருத்தம். நீதிமன்றம் ஜெபத்தைத் தடை செய்யவில்லை. நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் 22 சொற்களில் ஒரு ஜெபத்தைத் தானே எழுதிப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. அரசு ஜெபம் இயற்றக் கூடாது என்பதுதான் தீர்ப்பு. மாணவர் தனியாகவோ நண்பர்களோடு சேர்ந்தோ ஜெபிக்க அன்றும் இன்றும் தடை இல்லை.

நெல்லைஜெபம் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அரசு அலுவலர்கள் பயந்துபோய், தனிமனிதரின் பக்தியையே மறைக்கச் சொன்ன நேரங்கள் இருந்தன. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கால்பந்துப் பயிற்சியாளர் ஆட்டம் முடிந்து மைதானத்தில் முழங்காலிட்டதை 2022-ல் உச்ச நீதிமன்றம் அவருடைய உரிமை என்றது. மாணவர்கள் மேல் அழுத்தம் இருந்ததா என்பதில் நீதிபதிகள் 6-க்கு 3 என்று பிளந்தார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் தயக்கம் உண்டு. ஆனால் ஒருவர் தானாக முழங்காலிடுவதும் அரசு சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதும் வேறு வேறு.

பலகை விஷயத்தில் 1980-லேயே கென்டக்கி சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. 2025 அக்டோபர் நிலவரப்படி லூயிசியானா, டெக்சாஸ் இரண்டு வழக்கும் மேல்முறையீட்டில் இருக்கின்றன. டெக்சாஸ் வழக்கைப் போட்ட குடும்பங்களில் யூதர், கிறிஸ்தவர், இந்து, மதமற்றவர் எல்லாரும் உண்டு. வழக்கின் தலைப்பே ஒரு யூத ரபியின் பெயரில் இருக்கிறது. ஆகஸ்டில் நீதிபதி கொடுத்த தடை அந்த வழக்கில் உள்ள மாவட்டங்களுக்குத்தான். மற்ற மாவட்டங்களில் பலகை ஏறிக்கொண்டிருக்கிறது.

#12 பவுன்தெரு

22 சொல் ஜெப வழக்கைப் போட்ட பெற்றோர்கள் நியூ ஹைட் பார்க்கில் இருந்தவர்கள். எங்களிடமிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். இன்று அந்தப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் நிறைய. அந்தக் குடும்பங்களுக்கு அப்போது மிரட்டல் கடிதங்களும் தொலைபேசிகளும் வந்துகொண்டே இருந்தன. யாருக்காக வாங்கிக் கட்டிக்கொண்டோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

#13 செம்மண்பூமி

ஃபீனிக்ஸிலிருந்து. மதச் சுதந்திரம் என்று பேசும்போது இந்த மண்ணின் முதல் மக்களை விட்டுவிடுகிறோம். 1883-ல் மத்திய அரசு பூர்வகுடிகளின் சடங்கு நடனங்களைக் குற்றம் என்று விதி போட்டது. அவர்கள் பிள்ளைகளைக் கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளில் சேர்க்க அரசே பணம் கொடுத்தது. மதச் சுதந்திரம் தரும் முதல் சட்டத்திருத்தம் 1791-லிருந்து இருக்கிறது. ஆனாலும் பூர்வகுடி வழிபாட்டைக் காக்கத் தனிச் சட்டம் 1978-ல்தான் வந்தது.

இந்த வருடம் மே மாதம், அரிசோனாவின் ஓக் ஃப்ளாட் வழக்கை எடுக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. அப்பாச்சி மக்களின் புனித இடம். அங்கே தாமிரச் சுரங்கம் வரப் போகிறது, நிலம் பெரும் பள்ளமாக இறங்கும். நீதிபதி கோர்சச் மறுப்புரை எழுதினார். ஒரு வரலாற்றுப் பேராலயத்தை இப்படி இடிக்கத் திட்டம் போட்டால் வழக்கை எடுக்காமல் இருந்திருப்போமா என்ற பொருளில். பல கிறிஸ்தவ அமைப்புகளும் அப்பாச்சிகளுக்கு ஆதரவாக மனு போட்டிருந்தன, அதையும் சொல்ல வேண்டும். பத்துக் கட்டளைப் பலகைக்காகக் குரல் கொடுத்த அரசியல்வாதிகளில் எத்தனை பேர் ஓக் ஃப்ளாட்டுக்காகப் பேசினார்கள் என்று தேடிப் பார்த்தேன். மனம் ஆறவில்லை.

#14 நல்லூர்

டொராண்டோ, பிறந்தது யாழ்ப்பாணம். 1972-ல் இலங்கை அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று எழுதினார்கள். மற்ற மதங்களுக்கும் உரிமை உண்டு என்று அதே இடத்தில் எழுதியிருந்தார்கள். அப்படித்தான் எப்போதும் எழுதுவார்கள். அந்த வரி வந்தபின் ஒரு வீட்டில் யார் மூத்தபிள்ளை, யார் அண்டி இருப்பவன் என்று முடிவாகிவிடும். எங்கட தமிழர் தலைவர் தந்தை செல்வா ஒரு ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர். அவரை நம்பிப் பின்னால் போனவர்களில் பெரும்பான்மை சைவர்கள். அதுவும் நினைவுக்கு வருகுது.

#15 கரிசல்மண்

எல்லாம் சரி. ஆனால் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். இங்கே சுவர் வேண்டும் என்று பேசும் நம் ஆட்களில் பலர், இந்தியா என்று வந்தால் பெரும்பான்மைக்குத்தான் முதலிடம் என்று பேசுகிறார்கள். நானே அப்படிப் பேசியிருக்கிறேன். அதனால்தான் இங்கே பெரும்பான்மைக்கு ஒத்துப்போவோம் என்று எழுதினேன். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று இருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

#16 பவுன்தெரு

தம்பி, நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். எந்த அளவுகோல் என்பதில்தான் வேறுபாடு. நெல்லைஜெபம் அப்பா எட்டு வருடம் அலைந்தது எனக்கு வலிக்க வேண்டும். இங்கே பிள்ளையாரைப் பார்த்து அந்தக் குழந்தை பயந்தது அவருக்கு வலித்தது, அவர் எழுதியதில் தெரிந்தது.

#17 வழக்குரைஞன்

இரண்டு நாட்டையும் ஒரே அளவுகோலில் பார்த்த ஒரு தீர்ப்பு இருக்கிறது. 1940-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் கொடிக்கு வணக்கம் சொல்லியே ஆக வேண்டும் என்றது. அதன்பின் நாடெங்கும் அவர்களைக் கூட்டமாகத் தாக்கினார்கள். மூன்றே வருடத்தில், நடு உலகப் போரில், 1943 ஜூன் 14 அன்று நீதிமன்றம் தன் தீர்ப்பையே மாற்றியது.

1985-ல் கேரளத்தில் அதே சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைத் தேசிய கீதம் பாடவில்லை என்று பள்ளியிலிருந்து நீக்கினார்கள். மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாய் திறந்து பாடவில்லை, அவ்வளவுதான். 1986-ல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த அமெரிக்க வழக்குகளை எடுத்துப் பார்த்து, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். நம் மரபு சகிப்பைப் போதிக்கிறது, நம் அரசியலமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விடக் கூடாது என்று முடித்தார்.

#18 நெல்லைஜெபம்

இரண்டு நாளாக இதே நினைவு. என் நம்பிக்கை மாறவில்லை, வேத வசனம் பிள்ளைகள் மனதில் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். ஆனால் அதைச் செய்ய வேண்டியது நானும் என் சபையும். நான் சோம்பலாக இருந்துவிட்டு அரசாங்கத்தைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். "இராயனுடையதை இராயனுக்கும், தேவனுடையதைத் தேவனுக்கும்" என்று எத்தனை முறை வாசித்திருக்கிறேன்.

போதகர்மகன் சகோதரரே, இங்குள்ள சபைகளில் இதை வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்களா? என் போதகரிடம் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

#19 போதகர்மகன்

இருக்கிறார்கள். பாப்டிஸ்ட் கூட்டுக் குழு 2019-ல் "கிறிஸ்தவ தேசியவாதத்துக்கு எதிரான கிறிஸ்தவர்கள்" என்று ஓர் அறிக்கையைத் தொடங்கியது. சபை வித்தியாசம் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்தைத் தாக்கிய கூட்டத்தில் சிலுவையும் இயேசு பெயர் போட்ட கொடியும் தூக்கி வந்ததைப் பார்த்தபின் எங்கள் சபையிலேயே அழுதவர்கள் உண்டு. எனக்கு அன்றைய கவலை நாட்டைப் பற்றி மட்டும் இல்லை. என் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சிலுவை என்றால் அது என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். 2023-ல் டெக்சாஸ், பள்ளிகளில் ஆலோசகர் வேலைக்குச் சாப்ளின் எனப்படும் மத ஊழியர்களை வைக்கலாம் என்று சட்டம் போட்டபோது நூற்றுக்கு மேற்பட்ட சாப்ளின்களே சேர்ந்து வேண்டாம் என்று கடிதம் எழுதினார்கள்.

போதகரிடம் போங்கள். ஒபதியா ஹோம்ஸ் கதையிலிருந்து ஆரம்பியுங்கள்.

#20 இரண்டாம்வகுப்புஅம்மா

ஒரு உதவி வேண்டும். டெக்சாஸில் இன்னொரு புதிய சட்டம். பள்ளியில் தினமும் ஜெபத்துக்கும் பைபிள் அல்லது வேறு மதநூல் வாசிப்புக்கும் நேரம் ஒதுக்கலாமா என்று ஒவ்வொரு பள்ளி வாரியமும் 2026 மார்ச் 1-க்குள் வாக்கெடுக்க வேண்டும். சேர விரும்பும் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளிலேயே, இதை எதிர்த்து வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்றும் இருக்குமாம். எங்கள் வாரியம் செவ்வாய்க்கிழமை இதைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கேட்கிறது. நான் பேசலாம் என்று இருக்கிறேன். ஆனால் நான் பேசினால் "இந்துக்காரி எதிர்க்கிறாள்" என்று மட்டும்தான் காதில் விழும்.

#21 போதகர்மகன்

ஊரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் தங்கச்சி. காரில் வரக்கூடிய தூரம் என்றால் நான் வருகிறேன். வர முடியாவிட்டால் அங்குள்ள எங்கள் சபைக்காரர்கள் யாரென்று பார்த்துச் சொல்கிறேன். டான்பரி கடிதத்தை வாசிக்கிறோம், முழுசாக வாசித்தாலும் சில நிமிடம்தான்.

#22 நெல்லைஜெபம்

எனக்கும் அனுப்புங்கள். நான் டெக்சாஸ்தான். மேடையில் பேச வராது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

#23 இரண்டாம்வகுப்புஅம்மா

இருவருக்கும் அனுப்பிவிட்டேன். கூட்டம் மாலை ஆறரைக்கு. பேசுகிறவர்கள் முந்தின நாள் மதியத்துக்குள் பெயர் பதிய வேண்டும், ஆளுக்கு மூன்று நிமிடம். பள்ளிக்குப் பின்பக்கம் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. மகளையும் அழைத்து வருகிறேன்.